நிலத்தடியா, மேம்பாதையா, தரைமட்டமா: இணைந்த வட்டாரத்துக்கு எந்த வழி நல்லது?

சிங்கப்பூரில் ஒரு வட்டார மையத்தைப் புதிதாகக் கட்டினாலும் சரி, பழையதைத் திருத்தினாலும் சரி, ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை, மருந்தகம், நூலகம், அலுவலகம், வீடுகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் எப்படிப் போவார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. நிலத்துக்கு அடியில் போகலாம். சாலைக்கு மேலே மேம்பாதையில் போகலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கிவிட்டு மின்தூக்கியில் போகலாம். கூரை போட்ட தரைமட்டப் பாதையில் நடக்கலாம். நான்கு வகையும் நம் ஊரில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பதால், எது யாருக்கு உதவுகிறது என்பதை நேரில் பார்த்தே ஒப்பிட முடியும்.

இந்த ஒப்பீடு திட்டமிடுபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வருகிறது. அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கு எந்த நிலம் எதற்கு என்பதை அதுதான் சொல்கிறது. 2025 ஜூனில் அதன் வரைவைக் கண்காட்சியாக வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இப்படிக் கேட்கும்போதெல்லாம் நம்மில் பலர் "கூரை வேண்டும், ஏர்கான் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதைவிடத் தெளிவாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கால் நல்லபடியாக இருப்பவர் போகும் வழியிலேயே சக்கர நாற்காலியும் போகிறதா? போகவில்லை என்றால், அதற்கென்று இருக்கும் தனி வழி எவ்வளவு சுற்று, அதில் எத்தனை மின்தூக்கி, அது எத்தனை மணிக்கு மூடுகிறது? குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும், முழங்கால் வலியோடு நடக்கும் தாத்தாவுக்கும், தள்ளுவண்டியில் சந்தைச் சாமான் கொண்டுபோகும் பாட்டிக்கும் இதே கேள்வி பொருந்தும். 2030க்குள் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அப்போது இது ஊரில் பாதிப் பேரின் கேள்வியாகிவிடும்.

கூரை ஏன் வேண்டும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கிட்டத்தட்ட 170 நாள் மழை நாள், மதியம் 31 டிகிரிக்கு மேல் வெயில். 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அதனால்தான் இங்கே மூடிய வழி என்ற எண்ணமே மிகப் பழையது. 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கான கட்டளைகளைத் தந்தபோதே, தெருவைப் பார்த்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் தொடர்ச்சியான கூரையுள்ள நடைவழி இருக்க வேண்டும் என்றார். அதுதான் நம் ஐந்தடிப்பாதை.

அந்த ஐந்தடிப்பாதையில் இன்று சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். தலைக்கு மேல் கூரை தொடர்கிறது, காலுக்குக் கீழே தரை தொடரவில்லை. ஒரு கடையின் தரை அரை அடி உயரம், அடுத்த கடையில் ஒரு படி இறக்கம், அதற்கடுத்ததில் சாய்வாக ஓடும் ஓடு. இடையில் வெங்காய மூட்டை, துணி அலமாரி, சாமிப் படம். கடைக்காரர்களுக்கும் நகராட்சிக்கும் இந்த இடத்துக்காக நடந்த இழுபறி 1888ல் கலவரமாகவே வெடித்திருக்கிறது. கூரை தொடர்வதும் வழி தொடர்வதும் வேறுவேறு என்று அந்தப் பாதை இரண்டு நூற்றாண்டாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. கீழே சொல்லப்போகும் நான்கு வகைகளையும் இதை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நிலத்தடி. 2000ல் சிட்டிலிங்க் கடைத்தொகுதி திறந்தபோது சிட்டி ஹால் நிலையத்திலிருந்து சன்டெக் சிட்டி, மரினா ஸ்குவேர் பக்கம் வெயிலும் மழையும் படாமல் போக முடிந்தது. 2004ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் நிலத்தடி இணைப்பு கட்டும் தனியாருக்குப் பண உதவி தரத் தொடங்கியது. ஆர்ச்சர்ட், மரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கங்களில் இன்று நிலத்தடியிலேயே வெகுதூரம் நடக்கலாம். அகலமான சாலையைப் பச்சை விளக்குக்குக் காத்திராமல் கடப்பது, புகைமூட்ட நாளில் மூச்சு விட முடிவது, ரயிலிலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போவது என்று இதன் நன்மைகள் உண்மையானவை. இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நிலத்தடி என்றால் இறங்க வேண்டும், பிறகு ஏற வேண்டும். இங்கேதான் கணக்கு மாறுகிறது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிப்படி சரிவுப்பாதையின் சாய்வு 12க்கு 1ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஆறு மீட்டர் இறங்க 72 மீட்டர் நீளச் சரிவு வேண்டும், நடுவில் நின்று இளைப்பாறும் சமதளங்கள் தனி. அவ்வளவு இடத்தை யாரும் விடுவதில்லை. ஆகவே சக்கர நாற்காலிக்கு மின்தூக்கிதான் ஒரே வழி. மின்படி நடுக்கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. மின்தூக்கியோ பெரும்பாலும் கழிவறைக்குப் போகும் சந்தில், அல்லது கார் நிறுத்தும் தளத்துக்குப் போகும் மூலையில் இருக்கிறது. ஆர்ச்சர்ட், ஸ்காட்ஸ், பேட்டர்சன் சாலைகள் சேரும் முனையைக் கீழ்வழியாக இளைஞர் ஒருவர் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடுவார். அதே முனையைச் சக்கர நாற்காலியோடு கடக்க, இந்தப் பக்கக் கட்டடத்தில் ஒரு மின்தூக்கியைத் தேடி இறங்கி, அந்தப் பக்கக் கட்டடத்தில் இன்னொன்றைத் தேடி ஏற வேண்டும். வரிசையில் நிற்கும் நேரம் தனி.

அந்த மின்தூக்கி யாருடையது என்பது அடுத்த சிக்கல். நிலத்தடி வழி ஒன்று போலத் தெரிந்தாலும், ஒரு துண்டு ரயில் நிலையத்துக்கு, அடுத்த துண்டு ஒரு கடைத்தொகுதிக்கு, அதற்கடுத்தது வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். பல கடைத்தொகுதிகள் இரவு 10 மணிக்கு மூடுகின்றன, கடைசி ரயிலோ நள்ளிரவை ஒட்டி வருகிறது. படிக்கட்டு திறந்திருக்கும், மின்தூக்கி இருக்கும் கட்டடம் பூட்டியிருக்கும். ஒருமுறை ஒரு கடைத்தொகுதியில் மின்தூக்கி பழுதாகி, "மறு மின்தூக்கியைப் பயன்படுத்தவும்" என்று மட்டும் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அந்த மறு மின்தூக்கி எங்கே என்று பலகையில் இல்லை. காவலர் ஒருவர் இரக்கப்பட்டுச் சரக்கு மின்தூக்கியில் அம்மாவை ஏற்றிவிட்டார். அவர் அன்று பணியில் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் வந்த வழியே திரும்பிப் போயிருப்போம்.

பார்வைக் குறையுள்ளவர்களுக்கும் நிலத்தடி எளிதில்லை. ரயில் நிலையத்துக்குள் காலால் உணரும் மஞ்சள் ஓடு வழிகாட்டும். கடைத்தொகுதியின் எல்லையைத் தாண்டியதும் பல இடங்களில் அது நின்றுவிடுகிறது. கண் நன்றாகத் தெரிபவருக்கே வெளிச்சத்தையும் மரத்தையும் சாலை இரைச்சலையும் வைத்துத் திசை பிடிக்க முடியாத இடம் அது. கைப்பேசி வரைபடமும் அங்கே தடுமாறும்.

அப்புறம் தண்ணீர். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் வந்து லியாட் டவர்ஸ், லக்கி பிளாசா கீழ்த்தளங்களுக்குள் புகுந்தது. அதன் பிறகு ஸ்டாம்ஃபோர்டு மாற்றுக் கால்வாயும் நிலத்தடித் தேக்கத் தொட்டியும் கட்டி 2018ல் முடித்தார்கள். வெள்ளத்தைத் தடுக்க நிலத்தடி வாசல்களைச் சுற்றுப்புறத் தரையைவிட உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. கீழே இறங்கும் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) வாசலுக்கு முன்னால் சில படிகள் ஏறுகிறோமே, அது இதற்காகத்தான். ஒரு மீட்டர் உயர்த்தினால் 12 மீட்டர் சரிவுப்பாதை வேண்டும். ஆக, பள்ளத்துக்குள் போவதற்கே முதலில் ஒரு மேட்டில் ஏற வேண்டும்.

டொராண்டோவிலும் மொன்ட்ரியாலிலும் 30 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடி வழிகள் உண்டு என்று உதாரணம் காட்டுவார்கள். அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, வெளியே நின்றால் உயிருக்கே ஆபத்து. நமக்குத் தேவை நிழலும் காற்றும் மழைத் தடுப்பும். அவற்றைத் தரையிலேயே தர முடியும் என்பதால் அந்த உதாரணம் நமக்குப் பாதிதான் பொருந்துகிறது.

இரண்டாவது, மேம்பாதை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் ஜே-வாக். ரயிலிலிருந்து வந்து ஒருமுறை இரண்டாம் தளத்துக்கு ஏறிவிட்டால் ஜெம், வெஸ்ட்கேட், இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை என்று அதே மட்டத்தில் போகலாம். அந்த மருத்துவமனை 2015ல் திறந்தது. சிகிச்சைக்கு அடிக்கடி போகும் வயதானவருக்கு, சாலை கடக்காமல், நனையாமல் மருத்துவமனை வாசலை அடைவது பெரிய விஷயம். ஏறுவது ஒருமுறை, பிறகு சமதளம் என்பதுதான் இதன் பலம். வெளிச்சம் உள்ளே வருகிறது, கீழே சாலை தெரிகிறது, எந்தப் பக்கம் போகிறோம் என்று புரிகிறது. பக்கங்களைத் திறந்து விட்டால் ஏர்கானும் தேவையில்லை. நிலத்தைத் தோண்டுவதைவிடச் செலவும் குறைவு.

இதற்கு இருக்கும் பெரிய குறை, தரையைக் காருக்குக் கொடுத்துவிடுவது. நடப்பவர்கள் மேலே போய்விட்டார்கள் என்றதும் கீழே சாலை அகலமாகிறது, பச்சை விளக்கு குறைகிறது, கடை வாசல்கள் மேல்தளத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பேருந்தில் வந்து தரையில் இறங்குபவர், பக்கத்துப் புளோக்கிலிருந்து நடந்து வருபவர், எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்குப் போக வேண்டியவர் எல்லாரும் அந்த வசதியில் சேர முதலில் மேலே ஏறியாக வேண்டும். நம் ஊர்ச் சாலைகளின் நடை மேம்பாலங்களைப் பாருங்கள். பல பத்தாண்டு மூத்தோரைப் படி ஏற வைத்துவிட்டு, 2013க்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மின்தூக்கி பொருத்தத் தொடங்கினார்கள்.

இப்படிப் பின்னால் பொருத்துவது நமக்குப் பழக்கமாகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உடற்குறையுள்ளோர் தாங்களே நடத்தும் உலக அமைப்பு 1981ல் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. பார்வை இழந்த சிங்கப்பூரரான ரான் சந்திரன்-டட்லி அதன் முதல் தலைவர். அப்படியிருந்தும் 1987ல் எம்ஆர்டி ஓடத் தொடங்கியபோது நிலையங்கள் சக்கர நாற்காலியை எண்ணிக் கட்டப்படவில்லை. தடையற்ற கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 1990ல் வந்தது. பழைய நிலையங்களுக்கு மின்தூக்கி அதற்கும் பிறகுதான் வந்தது. கட்டி முடித்த கான்கிரீட்டை உடைத்து மின்தூக்கி வைக்கும்போது, அது இடம் கிடைத்த மூலைக்குத்தான் போகும். மின்தூக்கிகள் ஏன் எப்போதும் ஒதுக்குப்புறத்தில் இருக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்குவது. 2002ல் தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மையத்தோடு சேர்ந்த பேருந்து நிலையம், நாட்டின் முதல் ஏர்கான் பேருந்து நிலையமாகத் திறந்தது. பேருந்து, ரயில், கடைகள், வீவக அலுவலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழே வந்தன. தெம்பனிஸில் பழைய விளையாட்டரங்கு இருந்த 5.7 ஹெக்டேர் நிலத்தில் 2017ல் நம் தெம்பனிஸ் மையம் வந்தது. நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி நிலையம், பந்தாட்டத் திடல் என்று ஒரு வட்டாரமே அதற்குள் இருக்கிறது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது கம்போங் அட்மிரல்டி. ஏறத்தாழ 0.9 ஹெக்டேர் நிலம்தான். அட்மிரல்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தரைத்தளத்தில் பக்கங்கள் திறந்த, கூரையுள்ள சதுக்கம். இரண்டாம் தளத்தில் சுமார் 900 பேர் உட்காரக்கூடிய உணவங்காடி நிலையம். அதற்கு மேல் மருத்துவ நிலையம். அதற்கும் மேலே பாலர் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நடவடிக்கை மையமும் அருகருகே. பக்கத்தில் மூத்தோருக்கான 104 வீடுகள், கூரையில் தோட்டம். வோஹா நிறுவனம் வடிவமைத்த இந்தக் கட்டடம் 2018ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. விருதைவிட அந்தச் சதுக்கம்தான் எனக்கு முக்கியம். அதற்குக் கதவு இல்லை, படி இல்லை, பணம் கொடுத்து எதுவும் வாங்காமல் உட்காரலாம். மழை நாளிலும் உட்காரலாம். மேலே போக வேண்டியவர் எல்லாரும், நடப்பவரும் நாற்காலியில் வருபவரும், ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறார்கள். என் அளவுகோலில் இது கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்குகிறது.

இந்த வகைக்கு எல்லை எங்கே என்றால், கட்டடத்தின் சுவரில். 104 வீட்டில் இருப்பவர்களுக்கு மின்தூக்கி போதும். சுற்றியுள்ள புளோக்குகளில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வாசலை அடைய வெளியே நடந்துதான் வர வேண்டும். அந்த வெளி நடை மோசமாக இருந்தால், உள்ளே எவ்வளவு அருமையாக அடுக்கினாலும் பயன் குறைவு. மின்தூக்கி இங்கேயும் உயிர்நாடி. மதிய உணவு நேரத்தில் குழந்தை வண்டிகளும் சக்கர நாற்காலிகளும் சேர்ந்து நின்றால் வரிசை நீளும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் பொது மின்தூக்கி நின்றுவிடும். அப்போது மூன்றாம் தளத்தில் சக்கர நாற்காலியோடு இருப்பவர் எங்கே காத்திருக்க வேண்டும், யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். நிலத்தடிக்கும் இதே கேள்வி உண்டு.

நான்காவது, தரைமட்டக் கூரைவழி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். கண்காட்சியில் வைக்கும் படத்திலும் இது பளபளப்பாகத் தெரியாது. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013ல் அறிவித்து 2018ல் முடித்த திட்டத்தில், எம்ஆர்டி நிலையங்களிலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பள்ளி, மருந்தகம் போன்ற இடங்களுக்குக் கூரை போட்டார்கள். எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையங்களுக்கும் பேருந்து நிலையங்களுக்கும் அந்தச் சுற்றளவு 200 மீட்டர். தீவு முழுதும் கூரையிட்ட நடைபாதை மொத்தம் 200 கிலோமீட்டர் ஆனது. புளோக்குகளின் கீழ்த்தளம் வழியாக நடப்பதையும் சேர்த்தால், வீவக பேட்டைகளில் பலர் வீட்டிலிருந்து ரயில் வரை குடை விரிக்காமல் போய்விடுகிறார்கள். இந்த வழிக்குக் கதவு இல்லை. காலை 5 மணிக்கு வேலைக்குப் போகும் துப்புரவுப் பணியாளருக்கும், இரவு 1 மணிக்கு வீடு திரும்பும் தாதிக்கும் அது திறந்தே இருக்கிறது. மின்தூக்கி பழுதானால் நின்றுபோகும் வழியும் அல்ல.

குறைகள் உண்டு. காற்றோடு வரும் மழையை ஒல்லியான கூரை தடுக்காது, கூரையின் அகலமும் உயரமும் சரியான அளவில் இருக்க வேண்டும். உயரம் கூடினால் மழை உள்ளே வரும், குறைந்தால் வெக்கை தங்கும். புகைமூட்டத்துக்கு இதில் பதில் இல்லை. எல்லாவற்றையும்விட, சாலை வந்ததும் கூரை நின்றுவிடுகிறது. கடக்கும் இடம்தான் இந்த வகையின் பலவீனம், அதனால் பணத்தையும் கவனத்தையும் அங்கேதான் கொட்ட வேண்டும். 2009 முதல் சில சந்திப்புகளில் மூத்தோர் தங்கள் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாகச் சில விநாடி நிற்கிறான். 2014 முதல் மூத்தோர் அதிகம் வாழும் இடங்களில் வாகன வேகத்தைக் குறைத்துச் சாலையைக் குறுக்கியிருக்கிறார்கள். நடைபாதையின் மட்டத்துக்கே சாலையை உயர்த்திவிட்டால் சக்கரம் இறங்கி ஏற வேண்டியதில்லை, காரும் தானாக மெதுவாகும். ஆறு மீட்டர் கீழே தோண்டுவதற்குப் பதில் பத்து சென்டிமீட்டர் சாலையை உயர்த்துவது எவ்வளவோ எளிது.

ஏர்கான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு இடங்களை நினைவூட்டுகிறேன். 1995ல் திறந்த பூகிஸ் ஜங்ஷன், பழைய தெருக்களுக்குக் கண்ணாடிக் கூரை போட்டுக் குளிரூட்டியது, இங்கே அதுவே முதல் முயற்சி. 2006ல் கிளார்க் கீ, தெருவின் மேல் பெரிய குடைகள் போன்ற கூரைகளை விரித்து, விசிறிகளால் காற்றை நகர்த்தியது. முதலாவது குளுமையானது, ஆனால் அந்தத் தெருக்கள் கடைத்தொகுதியின் உட்புறமாகிவிட்டன. இரண்டாவது அவ்வளவு குளுமையில்லை, ஆனால் இன்னும் தெருவாகவே இருக்கிறது. நிழலும் நகரும் காற்றும் சேர்ந்தால் 31 டிகிரியிலும் கொஞ்ச தூரம் நிம்மதியாக நடக்கலாம். கதவைச் சாத்திக் குளிரூட்டிய இடத்துக்கு ஒரு உரிமையாளர் வேண்டும், மின்கட்டணம் கட்டும் அந்த உரிமையாளர் எப்போது திறப்பது, யாரை உட்கார விடுவது என்பதையும் தானே முடிவு செய்வார்.

சரி, இதையெல்லாம் நமக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். லிட்டில் இந்தியாவில், ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து தேக்கா வரை உள்ள சிராங்கூன் சாலைப் பகுதி. ஒரு ரயில் நிறுத்தத் தூரம். இதை இணைந்த, எல்லாரும் நடக்கக்கூடிய வட்டாரமாக மாற்ற வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வடக்கு முனையில் ஏற்கனவே நிலத்தடி இணைப்பு இருக்கிறது. ஃபேரர் பார்க் நிலையம் நிலத்தடியில் இருப்பதால் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்கும், ஃபேரர் பார்க் மருத்துவமனை இருக்கும் கனெக்ஷன் கட்டடத்துக்கும் கீழேயே போகலாம். அது அங்கே நியாயமானது. ரயிலே கீழே இருக்கும்போது, மருத்துவமனைக்குப் போகிறவரை மேலே கொண்டுவந்து திரும்ப உள்ளே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதையே நீட்டித் தேக்கா வரை நிலத்தடிக் கடைத்தெருவாக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். பெருமாள் கோயில், வீரமாகாளியம்மன் கோயில், அங்குலியா பள்ளிவாசல், பூக்கடைகள், தேக்கா சந்தை எல்லாம் தரையில் இருக்கின்றன. கோயிலுக்குப் போகும் பாட்டியைக் கீழே இறக்கி மேலே ஏற்றுவதால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. நடப்பவர்கள் கீழே போய்விட்டால் அவர்களை நம்பியிருக்கும் சிறு கடைக்காரருக்கும் நட்டம்.

மேம்பாதையும் இங்கே ஒத்துவராது. லிட்டில் இந்தியா 1989லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகளின் முகப்பை ஒட்டிப் பாலம் ஓட்டினால் தெருவின் அழகும் வெளிச்சமும் போய்விடும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் இதே சாலையில்தான் கிளம்புகின்றன. தலைக்கு மேல் திறந்த வானம் அங்கே தேவை. கேம்பல் லேனுக்குப் பூகிஸ் ஜங்ஷன் போலக் கண்ணாடிக் கூரை போட்டுக் குளிரூட்டலாமே என்ற யோசனையையும் நான் ஏற்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓய்வு கிடைத்து வரும் வெளிநாட்டு ஊழியர்கள் இந்தத் தெருக்களில் நின்று பேசுகிறார்கள், காய்கறி வாங்குகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கதவும் காவலரும் உள்ள இடமாக மாறினால் முதலில் வெளியே நிற்கப்போவது அவர்கள்தான்.

ஆக, இந்தப் பகுதிக்கு நான் கேட்பது தரைமட்டம். ஐந்தடிப்பாதையின் தரைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை, இருப்பதிலேயே கடினமான வேலையும் அதுதான். பல உரிமையாளர்கள், பழைய வடிகால், பழைய கட்டடங்களைக் காக்கும் விதிகள் என்று எல்லாம் குறுக்கே நிற்கும். ஓரிரு கடையின் தரையை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை முழு வரிசையையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், அதற்கு அரசு பணம் போட வேண்டும். நிலத்தடி வழிக்குத் தனியாருக்கு உதவித்தொகை தர முடியும் என்றால், தரையைச் சமன்படுத்தும் சிறு கடைக்காரருக்கும் தர முடியும். இந்தப் பகுதியில் சிராங்கூன் சாலை ஒருவழிச் சாலை, அதனால் ஒரு தடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்குவது பற்றிப் பேசவாவது வழி இருக்கிறது. கடைகள் சாமான் வைக்கக் கொஞ்சம் இடம், நடக்க நேரான அகலமான இடம் என்று இரண்டையும் பிரித்துக் கொடுத்தால் 1888ல் தொடங்கிய சண்டைக்கும் ஒரு முடிவு வரும். குறுக்குத் தெருக்கள் சாலையில் சேரும் ஒவ்வோர் இடத்திலும் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும்.

இதே விடையை எல்லா இடத்துக்கும் சொல்ல மாட்டேன். ஜூரோங் ஈஸ்ட் போல மருத்துவமனையும் பெரிய கட்டடங்களும் அகலச் சாலைகளும் சேர்ந்த இடத்தில் மேம்பாதையைத்தான் தேர்ந்தெடுப்பேன், தரையில் சாலை கடக்கும் இடங்களை எடுத்துவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. நிலையத்தை ஒட்டி ஒரு ஹெக்டேர் நிலம் காலியாக இருந்து, சுற்றிலும் மூத்தோர் வாழும் பழைய புளோக்குகள் இருந்தால் கம்போங் அட்மிரல்டி போல அடுக்கலாம், சுற்றியுள்ள 400 மீட்டர் நடையையும் அதே திட்டத்தில் சேர்த்து. ரயில் நிலத்தடியில் இருந்து, கட்டடங்களும் அதற்கு நேர் மேலேயே வரும் இடத்தில் மட்டும் நிலத்தடி. பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் போன்ற புதிய இடங்களில் 50 ஹெக்டேரையும் தொடக்கத்திலேயே ஒன்றாகத் திட்டமிட முடிவதால் தரைமட்டங்களை முதலிலேயே ஒத்துப்போகச் செய்யலாம். பழைய வட்டாரங்களுக்கு அந்த வசதி இல்லை.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போனால் வரைபடத்தில் அழகாக வரைந்திருக்கும் வழியைப் பற்றிப் பேசும் முன், மின்தூக்கி வழியை மட்டும் தனியாக ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். நீளத்தை மீட்டரில் கேளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மின்தூக்கி ஒன்றா இரண்டா என்று கேளுங்கள், ஒன்று பழுதானால் இன்னொன்று பார்வைபடும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியார் கட்டடத்துக்குள் போகும் வழியாக இருந்தால், முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை மின்தூக்கியோடு திறந்திருக்கும் என்பது நில ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். காலால் உணரும் ஓடு கட்டட எல்லையில் நிற்காமல் தொடர்கிறதா, சக்கர நாற்காலி நுழையும் கழிவறையும் பணம் கேட்காத இருக்கையும் வழியில் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் விடாதீர்கள். பழுது வந்தால் அழைக்க ஒரே ஓர் எண் வேண்டும், மூன்று உரிமையாளர்களின் மூன்று எண்கள் உதவாது. இவற்றுக்கு விடை தயாராக இல்லாத திட்டம் நான்கில் எந்த வகையாக இருந்தாலும், அதைத் திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள்.